மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கிய ஒருவர், ஒன்பது வாரங்களில் அரை மணி நேரம் இடைவிடாமல் ஓடுகிறார் என்றால் அது சிறிய செய்தி அன்று. மருந்துச் சீட்டில் எழுதித் தர முடியாத ஒரு நன்மையை அவர் தம் உழைப்பால் ஈட்டியிருக்கிறார். இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வரத் தொடங்கியிருக்கலாம், உறக்கம் சீர்ப்பட்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, "இனி என் உடம்பு இவ்வளவுதான்" என்ற மனச்சோர்வு அகன்றிருக்கும். அந்த மகிழ்ச்சியில் அவர் அடுத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐந்து முடிந்தது; அடுத்தது பத்தா?"

இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. பத்து கிலோமீட்டர் ஓடக் கூடாது என்று சொல்வது என் நோக்கம் அன்று. உரிய கவனத்துடன் அணுகினால், நம் மருத்துவமனைக்கு வந்து செல்வோருள் பலர் அத்தொலைவை எட்ட முடியும். ஆனால் எப்போது தொலைவைக் கூட்டலாம் என்பதை மூச்சிடம் கேட்டு முடிவு செய்யக் கூடாது. எலும்பிடமும் தசைநாணிடமும் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஓடத் தொடங்கிய பலர் ஓட்டத்தையே கைவிட நேர்வது, இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாததால்தான்.

வேலி நீங்கும் நாள்

தொடக்க நிலை ஓட்டப் பயிற்சிகளுள் உலகெங்கும் பெயர் பெற்றது 'கவுச் டு ஃபைவ் கே' என்னும் திட்டம். சோபாவில் உட்கார்ந்தே பழகியவரை ஐந்து கிலோமீட்டர் ஓடச் செய்வது என்பது அதன் பொருள். 1996ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜாஷ் கிளார்க் இதனை வகுத்தார். ஐம்பது வயதைக் கடந்த தம் தாயை ஓட வைக்க வேண்டும் என்ற எண்ணமே அதற்குத் தூண்டுதல். பிற்காலத்தில் பிரிட்டனின் தேசிய சுகாதாரப் பணியும் இத்திட்டத்தை ஏற்றுப் பரப்பியது.

அதன் சிறப்பு அதன் தயக்கத்தில் இருக்கிறது. முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் விரைந்து நடந்த பின், ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என மாறி மாறி இருபது நிமிடம், அவ்வளவுதான். வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே பயிற்சி. மற்ற நாள்கள் ஓய்வு. "இன்னும் கொஞ்சம் ஓடலாமே" என்று தோன்றும்போதே அது நிறுத்தச் சொல்கிறது. பயிர் முளைக்கும் பருவத்தில் சுற்றிலும் கட்டிய வேலியைப் போல, ஆர்வத்திலிருந்து அது நம்மைக் காக்கிறது.

ஒன்பதாம் வாரம் முடிந்ததும் அந்த வேலி அகன்றுவிடுகிறது. இனி எவ்வளவு ஓடலாம், எத்தனை நாள் ஓடலாம் என்று சொல்ல எவரும் இல்லை. உடலில் தெம்பும் மனத்தில் உற்சாகமும் மிகுந்திருக்கும் நேரம் அது. நண்பர் ஒருவர் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருப்பார்; அலுவலகக் குழுவில் பதக்கப் படம் வந்திருக்கும். ஆகவே, முதல் ஒன்பது வாரங்களைவிட அடுத்து வரும் மூன்று நான்கு மாதங்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்று கருதுகிறேன்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பயிற்சி முடிவில் நீங்கள் ஓடுவது முப்பது நிமிடம். அது ஐந்து கிலோமீட்டராகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. மெதுவாக ஓடும் பலர் அந்நேரத்தில் மூன்றரை அல்லது நான்கு கிலோமீட்டரே கடப்பர். அது குறைபாடு ஆகாது. உங்கள் அடுத்த படி பத்து கிலோமீட்டர் அன்று. முதலில் உங்கள் வேகத்திலேயே ஐந்தை நிறைவு செய்வதுதான்.

உடலுக்குள் மூன்று கடிகாரங்கள்

ஓட்டப் பயிற்சிக்கு உடலின் எல்லா உறுப்புகளும் ஒரே விரைவில் பழகுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிகாரம் இருப்பதாகக் கொள்ளலாம்.

முதல் கடிகாரம் இதயத்துக்கும் இரத்த ஓட்டத்துக்கும் உரியது. இது மிக விரைந்து ஓடும். பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்பைவிட மிகுதியான இரத்தத்தைச் செலுத்தக் கற்றுக்கொள்கிறது. மூச்சு வாங்குவது குறைகிறது. "இன்னும் ஓடலாம்" என்ற நம்பிக்கை பிறப்பது இந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான்.

இரண்டாவது தசைகளுக்கு உரியது. அவை வலுப்பெறச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும்.

மூன்றாவது, எல்லாவற்றினும் மெதுவாகச் செல்வது. தசைநாண்களுக்கும் எலும்புகளுக்கும் உரியது. தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. எனவே அவை மாறுவதும் மெதுவாகவே. எலும்போ, வியப்பான முறையில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஓட்டத்தின் அதிர்வுக்கு ஈடுகொடுக்க, முதலில் பழைய எலும்புத் திசுவைச் சிறிது சிறிதாக அரித்து அகற்றுகிறது. அதன் பிறகே அவ்விடத்தைப் புதிய, உறுதியான திசுவால் நிரப்புகிறது. இச்சுழற்சி ஒரு முறை முடிய மூன்று நான்கு மாதங்கள் ஆகும். பழையது அகன்று புதியது நிரம்பாத இடைக்காலத்தில் அந்த எலும்பு முன்பைவிடச் சற்று வலுக்குறைந்தே இருக்கும். சுவரை இடித்துக் கட்டும் வீட்டில், இடித்த பகுதி காயும் முன்பே அதன்மேல் பாரம் ஏற்றுவதைப் போன்றது, அக்காலத்தில் தொலைவைத் திடீரெனக் கூட்டுவது. கணுக்காலுக்கு மேலுள்ள முன்னெலும்பிலும் பாத எலும்புகளிலும் மயிரிழை போன்ற கீறல் விழுவது இப்படித்தான்.

ஒன்பது வாரப் பயிற்சியை முடித்தவரின் நிலையை இப்போது எண்ணிப் பாருங்கள். மூச்சு ஆயத்தமாக இருக்கிறது. எலும்பு இன்னும் முதல் சுழற்சியைக்கூட முடித்திருக்காது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டவர்களுக்கும் எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கக் கூடும் என்பதால், அவர்கள் இந்த மூன்றாம் கடிகாரத்தைக் கூடுதலாக மதிக்க வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

"வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதே" என்பது ஓட்டக்காரர்களிடையே நெடுங்காலமாக வழங்கும் விதி. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் 532 புதிய ஓட்டக்காரர்களைக் கொண்டு இது சோதிக்கப்பட்டது. முடிவுகள் 2008இல் வெளிவந்தன. ஒரு பிரிவினர் அவ்விதிப்படி 13 வாரங்களும், மற்றொரு பிரிவினர் வழக்கமான முறையில் 8 வாரங்களும் பயின்றனர். இரு பிரிவிலும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் காயமுற்றனர், வேறுபாடு இல்லை. ஆகவே, பத்து விழுக்காடு என்னும் எண்ணில் மந்திரம் ஏதும் இல்லை.

2025இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் பயனுள்ள ஒன்றைச் சொல்கிறது. 5,200க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் ஒவ்வோர் ஓட்டத்தையும் அவர்கள் கணக்கிட்டனர். ஒரு வாரத்தின் மொத்தத் தொலைவைவிட, ஒரே ஒரு நாளின் ஓட்டம் எவ்வளவு நீண்டது என்பதே காயத்துடன் தெளிவாகத் தொடர்புற்றிருந்தது. முந்தைய முப்பது நாள்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தாண்டிய ஓட்டங்களில் காயம் மிகுந்தது. அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓடியபோது காய விகிதம் இரண்டு மடங்கையும் தாண்டியது.

இதன் பொருள் நமக்கு நேரானது. ஐந்து கிலோமீட்டர் மட்டுமே ஓடிப் பழகியவர், "ஒரு நாள்தானே" என்று பத்து கிலோமீட்டர் ஓட்ட நிகழ்வில் கலந்துகொள்வதுதான் மிகவும் இடர் நிறைந்த செயல். வாரம் முழுதும் ஓய்வெடுத்துவிட்டு ஓடினாலும் அந்த இடர் நீங்குவதில்லை.

அவசரத்துக்கு மருத்துவக் காரணம் உண்டா?

இல்லை என்பதே என் விடை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்போ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடலுழைப்போ மேற்கொண்டால் போதும். வாரம் மூன்று முறை முப்பது நிமிடம் ஓடுபவர் 90 நிமிடத்தை எட்டிவிடுகிறார். அவர் தேர்ச்சி பெற்றவர். நலத்தின் வாயிலில் காத்து நிற்பவர் அல்லர்.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரிலுள்ள கூப்பர் மருத்துவ நிலையத்துக்கு வந்த 55,000க்கும் மேற்பட்டோரைச் சராசரியாகப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஓடாதவர்களைவிட ஓடுபவர்களிடையே இதய நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு குறைவாக இருந்தது. நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓடியவர்களிடமும் நன்மை காணப்பட்டது. இத்தகைய ஆய்வுகள் தொடர்பைக் காட்டுமே அன்றிக் காரணத்தை முற்றாக நிறுவா. எனினும் அவை சுட்டும் திசை தெளிவானது: சிறிதளவு ஓட்டமே பெரும்பயன் தருகிறது, அதற்கு மேல் தொலைவு கூடக்கூடப் பயனும் அதே அளவு கூடுவதில்லை.

எனவே, பத்து கிலோமீட்டர் என்பது உடலின் தேவை அன்று, உள்ளத்தின் விருப்பம். விருப்பம் இழிவானது என்று சொல்லவில்லை. நோயால் பலவற்றை இழந்த ஒருவருக்கு ஒரு புதிய இலக்கு எத்துணை மதிப்புடையது என்பதை அறிவேன். ஆயினும் விருப்பத்தால் காத்திருக்க முடியும். அவசரத்தால் காலில் கீறல் விழுந்தால், ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் நின்றுவிடும். அக்காலத்தில் இழப்பது ஐந்து கிலோமீட்டர் மட்டும் அன்று. அரும்பாடுபட்டு ஏற்படுத்திக்கொண்ட பழக்கமே அறுந்து போகக் கூடும். சர்க்கரை மீண்டும் ஏறும், எடை திரும்பும், "எனக்கு இது ஒத்துவராது" என்ற எண்ணமும் கூடவே வரும். நான் அஞ்சுவது இந்த இழப்பைத்தான்.

அரையாண்டு வழி

நோயிலிருந்து மீண்டு ஓடத் தொடங்கியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அரையாண்டு நீளும் பாதை.

முதல் நான்கு வாரங்கள் எதையும் கூட்ட வேண்டாம். வாரம் மூன்று நாள், அதே முப்பது நிமிடம். அலுப்பாகத் தோன்றலாம். அந்த அலுப்புக்குள்தான் எலும்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

அதன்பின் நிறுத்தாமல் ஓடினாலும், ஓட்டத்துடன் நடையைக் கலந்தாலும், ஐந்து கிலோமீட்டரை நிறைவு செய்யப் பழகுங்கள். அது எளிதான பிறகு, வாரத்தின் மூன்று ஓட்டங்களில் ஒன்றை மட்டும் நீட்டுங்கள். மற்ற இரண்டும் முன்போலவே இருக்கட்டும். நீளும் ஓட்டம் 5.5, 6, 6.6, 7.2, 7.9, 8.6, 9.4, 10 என எட்டுப் படிகளில் செல்லலாம். ஒவ்வொரு படியிலும் இரண்டு வாரம் தங்குங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அடுத்த வாரத்தின் நீண்ட ஓட்டத்தை ஐந்து கிலோமீட்டருக்கே குறைத்து இளைப்பாறுங்கள். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகும். தொடக்கத்தில் நிலைப்படுத்திய ஒரு மாதத்தையும் சேர்த்தால் அரையாண்டு. நலமுள்ள இளைஞர் ஒருவர் இதைவிட விரைவாக எட்டக் கூடும். அவருடன் நம்மை ஒப்பிட வேண்டியதில்லை.

நீண்ட ஓட்டத்தின் வேகம், உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேசும் அளவுக்கு இருக்க வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள். இடையில் நடப்பது தோல்வி ஆகாது. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஃப் காலோவே, தொடக்கநிலை ஓட்டக்காரர்களுக்குக் கற்பித்தபோது வகுத்தது திட்டமிட்ட நடையை ஓட்டத்தினுள் சேர்க்கும் முறையே. மாரத்தான் ஓடுவோர் பலர் இன்றும் அதைப் பின்பற்றுகின்றனர். பத்து நிமிட ஓட்டத்துக்கு ஒரு நிமிட நடை என்பது நல்ல தொடக்கம். தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதை குறிக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய பாதையில் ஐந்து கிலோமீட்டர் ஓடி, மீதி மூன்றை நடந்து கடப்பது, கால்களை நெடுநேர உழைப்புக்குப் பழக்கும் எளிய வழி.

வாரத்தில் இரண்டு நாள் கால்களுக்கு வலிமைப் பயிற்சி வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வதும் போதும். தொலைவைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்ட வேண்டாம். இரண்டையும் ஒருசேரக் கூட்டுவது பழகாத கால்களுக்குத் தாங்காது.

நாள் குறித்தால்தான் ஊக்கம் வருமா?

என் கருத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. "ஓட்ட நிகழ்வுக்குப் பெயர் கொடுத்து, நாள் குறித்து வைத்தால்தான் காலையில் எழத் தோன்றுகிறது, இலக்கு இல்லாவிட்டால் ஓட்டமே நின்றுவிடும்" என்பர். இதில் உண்மை இருக்கிறது. கூட்டமாக ஓடும் மகிழ்ச்சியை நானும் மறுக்கவில்லை.

எனினும், நாள் குறித்த பின் உடலுக்கு வாரம் போதாமல் போனால் பெரும்பாலோர் நாளை மாற்றுவதில்லை, வலியைப் பொறுத்துக்கொள்கின்றனர். கட்டிய கட்டணமும் வாங்கிய பனியனும் வலியைவிடப் பெரிதாகத் தோன்றத் தொடங்கும். ஆகவே வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். பயிற்சியில் எட்டு கிலோமீட்டரை இரண்டு மூன்று முறை வலியின்றி ஓடிய பிறகு பெயர் கொடுங்கள். அதுவரை ஊக்கத்துக்கு ஓர் ஓட்டத் துணையோ, நாள்காட்டியில் இடும் ஒரு குறியோ போதும்.

மெதுவாக ஓடும் பழக்கம் மக்களிடையே பரவிய வரலாறே இதயநோயாளிகளுடன் தொடர்புடையது என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். 1960களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் நடுத்தர வயதினரையும், மாரடைப்பிலிருந்து மீண்டவர்களையும் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் ஓடச் செய்தார். அங்கே சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கினார். எழுபது வயதைக் கடந்த இதயநோயாளி ஒருவரே அவருக்குத் துணையாக உடன் ஓடினார். நாடு திரும்பிய பவர்மன், இதயநோய் மருத்துவர் ஒருவருடன் இணைந்து எழுதிய நூல் அமெரிக்காவில் இப்பழக்கத்தைப் பரப்பியது. 1973இல் கனடாவின் டொரன்டோ மறுவாழ்வு மையத்தைச் சேர்ந்த இதயநோயாளிகள் சிலர், மருத்துவர் டெரன்ஸ் கவனாவின் மேற்பார்வையில் பாஸ்டன் மாரத்தானில் ஓடினர். நெடுந்தொலைவு அவர்களுக்கும் கைகூடியது. ஆனால் படிப்படியான பயிற்சிக்கும் தொடர்ந்த மருத்துவக் கண்காணிப்புக்கும் பிறகே கைகூடியது.

மருந்து உட்கொள்வோர் கவனத்துக்கு

முப்பது நிமிட ஓட்டத்துக்குப் பொருந்திய உணவும் மருந்தும் எழுபது நிமிட ஓட்டத்துக்குப் பொருந்தாமல் போகலாம். எனவே தொலைவைக் கூட்டும் முன் மருத்துவரிடம் ஒருமுறை பேசுங்கள். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் பொருத்தியவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு நீண்ட ஓட்டத்தின்போது சர்க்கரை தாழலாம். சில வேளைகளில் அன்றிரவு உறக்கத்தில்கூடத் தாழலாம். ஓடும் முன்பும் பின்பும் சோதித்துப் பாருங்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ அதற்கு ஈடான குளுக்கோஸ் பொடியோ சட்டைப் பையில் இருக்கட்டும். ஓடி முடித்ததும் இரு பாதங்களையும் விரலிடுக்கு உட்படப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வலிக்காது. கண்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற மருந்துகள் நாடித்துடிப்பைத் தாழ்த்தி வைக்கும். அவற்றை உட்கொள்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை வைத்து உழைப்பை அளக்க முடியாது; பேச முடிகிறதா என்பதே அவர்களுக்கு அளவுகோல். நீர் பிரியச் செய்யும் மாத்திரை உட்கொள்பவர்களுக்கு உடலில் நீர் விரைந்து குறையும். ஓடும் முன் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் தீங்கானது: வியர்த்து நீர் இழந்த உடலில் அவை சிறுநீரகத்தைத் தாக்கக் கூடும், எச்சரிக்கும் வலியையும் மறைத்துவிடும். எந்த மருந்தையும் ஓட்டத்துக்காக நீங்களாகவே நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

நம் ஊர் வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடற்கரை நகரங்களில் விடியற்காலை குளிர்ச்சியாகத் தோன்றினாலும் காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை உலராததால் உடல் சூடு தணியாது. வெயிலுக்கு உடல் பழகவே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆகவே கோடையில் தொலைவைக் கூட்டும் முயற்சியைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. தாகத்துக்கு ஏற்ப நீர் அருந்துங்கள். தாகமின்றி அளவுக்கு மீறி அருந்தினால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்துபோகும் இடர் உண்டு.

மார்பில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், தலைச்சுற்றல், மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நின்றுவிடுங்கள். ஓய்ந்து அமர்ந்து 108ஐ அழையுங்கள். "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று எண்ணாதீர்கள்.

வீட்டிலிருப்போருக்கு

உடனிருந்து பார்த்துக்கொள்பவர்களிடம் இருவகை மனநிலை காணப்படுகிறது. ஒன்று அச்சம்: "இந்த வயதில் ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும், போதும் நிறுத்துங்கள்." மற்றொன்று மிகுந்த பெருமிதம்: "அப்பா அடுத்த மாதம் பத்து கிலோமீட்டர் ஓடப்போகிறார்." அன்பிலிருந்து பிறந்தவையே எனினும், இரண்டும் ஓடுபவருக்கு உதவுவதில்லை.

அச்சத்துக்கு ஒரு சொல். 2017இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் நலத்துக்காக அளவோடு ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினரிடமும், ஓடாமல் அமர்ந்தே இருப்பவர்களில் 10.2 விழுக்காட்டினரிடமும், போட்டிக்காகத் தீவிரமாக ஓடுபவர்களில் 13.3 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. அளவான ஓட்டம் மூட்டைத் தேய்க்கும் என்பதற்கு இதில் ஆதரவு இல்லை. ஏற்கெனவே மூட்டு நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

பெருமிதத்துக்கும் ஒரு சொல். "இன்று எத்தனை கிலோமீட்டர்?" என்று நீங்கள் நாள்தோறும் கேட்டால், அந்த எண்ணைக் கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற ஆசை அவருக்கு எழும். அதற்கு மாறாக, "நேற்று வலித்த இடம் இன்று எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். வலி ஓடத் தொடங்கியதும் தணிந்து மறுநாள் காலையில் இல்லாது போனால் கவனித்தால் போதும். விரல் நுனியால் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டும் வலி, இரவில் விழிக்கச் செய்யும் வலி, வீக்கம், நடையைச் சாய்க்கும் வலி ஆகியவை மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. ஓடுபவர் இவற்றை மறைக்க முயல்வது இயல்பு. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி அவர் வைக்கும் முதல் பத்து அடிகளைப் பார்ப்பவர் நீங்கள்தான். குதிகாலை ஊன்றத் தயங்குகிறாரா என்பது உங்கள் கண்ணுக்கே முதலில் தெரியும்.

ஐந்து கிலோமீட்டரிலேயே நின்றுவிட விரும்புபவரையும் ஏளனம் செய்யாதீர்கள். வாழ்நாள் முழுதும் வாரம் மூன்று முறை ஐந்து கிலோமீட்டர் ஓடும் ஒருவர், ஒரே ஒரு முறை பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு நிறுத்தியவரைவிடத் தம் உடலுக்கு மிகுந்த நன்மை செய்தவர்.

பத்தை நோக்கிப் போக விரும்புவோர் தாராளமாகப் போகலாம். மூச்சு "போ" என்று சொல்லும். எலும்பு எதுவும் சொல்லாது. பேசாத அதற்காக நாம் நாள்களை எண்ண வேண்டும். இன்று முப்பது நிமிட ஓட்டத்தை முடித்தவர், நாள்காட்டியில் நான்கு வாரம் தள்ளி ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளட்டும். கூட்டும் முயற்சி அன்று தொடங்கட்டும்.